ஏட்டின்மேல் எழுந்தருளிய ஸ்ரீநாதர்

கோவர்த்தனகிரியைக் குடையாகப் பிடித்து ஆயர்களையும் ஆநிரைகளையும் காத்தருளிய கண்ணபிரானின் திருவிளையாடல், பாரத நாடெங்கும் பாடப்பெற்றதும் கல்லிலும் வண்ணத்திலும் வடிக்கப்பெற்றதும் ஆகும். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்திலே பல்லவர் காலத்துச் சிற்பி ஒரு பாறை முழுவதையும் அந்த மலையாகவே கண்டு, அதன் நிழலில் ஆயர் சேரியைக் குடியமர்த்திவிட்டான். அதே திருக்கோலத்தை மூலமூர்த்தியாகக் கொண்டு வழிபடும் திருத்தலம் ஒன்று இராஜஸ்தானத்தில், பழைய மேவார் நாட்டில், பனாஸ் நதிக்கு அருகில் உள்ளது. அதுவே நாதத்துவாரம். கரிய திருமேனி, மேலே உயர்த்திய இடத் திருக்கரம், இடையில் ஊன்றிய வலத் திருக்கரம், அடியவரைக் குனிந்து நோக்கும் நீண்ட விழிகள். இத்திருக்கோலத்தைக் கையகலக் காகிதத்தில் எழுதி யாத்திரிகர்களுக்கு அளித்து வருவது அவ்வூர் ஓவியர்களின் பரம்பரைத் தொழில். அக்காகிதம் சில வேளைகளில் புதிய தாளாக இல்லாமல், ஏற்கெனவே ஒருவர் எழுதி முடித்த பழந்தாளாக இருப்பதுண்டு. கணக்கும் பத்திரமும் கதையும் எழுதிய ஏட்டின்மேல் கடவுள் எழுந்தருளும் இவ்வழக்கம் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே தருவது.

முதலில் மூர்த்தியின் வரலாற்றைக் காண்போம். ஸ்ரீநாத்ஜி என்று வடநாட்டார் போற்றும் இப்பெருமான் விரஜபூமியில் கோவர்த்தன மலையில் வெளிப்பட்டார் என்பது சம்பிரதாயம். முதலில் உயர்த்திய திருக்கரம் மட்டுமே புலப்பட்டதென்றும், வல்லபாசாரியர் அவதரித்த காலத்தில் திருமுகம் வெளிப்பட்டதென்றும் அடியார்கள் கூறுவர். வல்லபாசாரியர் (1479–1531) தெலுங்கு நாட்டு அந்தணர் குடியைச் சேர்ந்தவர். தென்னாட்டுக் குடியில் தோன்றி, வடநாட்டில் புஷ்டி மார்க்கம் என்னும் அருள்நெறியை நிறுவியவர். அவருடைய திருக்குமாரர் விட்டலநாதர் காலத்தில் அலங்காரம், நைவேத்தியம், இசை ஆகிய மூன்றும் சேவையின் அங்கங்களாக விரிந்து வளர்ந்தன. அஷ்டசாபர் எனப்படும் எண்மர் பாடிய கீதங்கள் இன்றும் அச்சந்நிதியில் காலத்திற்கேற்பப் பாடப்படுகின்றன. சூர்தாசர் அவர்களுள் ஒருவர்.

1669-ஆம் ஆண்டில், ஔரங்கசீப்பின் ஆட்சியில் ஆலயங்களுக்கு நேர்ந்த இடர்களை முன்னிட்டு, மூர்த்தியை இரதத்தில் எழுந்தருளச் செய்துகொண்டு கோஸ்வாமிகள் விரஜபூமியை விட்டுப் புறப்பட்டனர். பல ஊர்களைக் கடந்து சென்றவர்களுக்கு மேவார் மகாராணா இராஜசிங்கர் அடைக்கலம் தந்தார். சிஹாட் என்னும் சிற்றூரில் ஓர் அரசமரத்தின் அருகே இரதச் சக்கரம் மண்ணில் அழுந்தி நகர மறுத்ததாகவும், அதுவே பெருமானின் திருவுள்ளம் என்று கொண்டதாகவும் வரலாறு. 1672-இல் அங்கே பிரதிஷ்டை நடந்தேறியது. சிற்றூர் நாதரின் வாயில் என்று பொருள்படும் நாதத்துவாரம் ஆயிற்று. அத்திருக்கோயில் நம் நாட்டுக் கோயில்களைப் போல் விமானமும் கோபுரமும் கொண்டதன்று. அதற்கு ஹவேலி, அதாவது மாளிகை, என்றே பெயர். நந்தகோபர் திருமாளிகையில் வளரும் குழந்தையாகவே பெருமான் அங்கே பாவிக்கப்படுகிறார். குழந்தையைத் துயிலெழுப்புவது முதல் துயில்விப்பது வரை நாளொன்றுக்கு எட்டுத் தரிசனங்கள். ஒவ்வொன்றும் சிறிது நேரமே. திரை விலகும், கூட்டம் நெருங்கும், கண் நிறையுமுன் திரை விழும்.

அந்தச் சிறுபொழுதுக் காட்சியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பாத அடியவர் யார்? குஜராத்திலிருந்தும் மார்வாரிலிருந்தும் நூறு காதம் நடந்து வந்தவர்களின் அந்த ஏக்கத்தினால்தான் நாதத்துவாரத்தில் ஓவியர் வீதி தழைத்தது. ஆதிகௌடர், ஜாங்கிடர் என்னும் இரு குடிகளைச் சேர்ந்த ஓவியர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பெருமானின் பின்னே தொங்கவிடும் பிச்வாய் என்னும் பெருந்திரைச் சீலைகளை எழுதியவர்களும் அவர்களே. யாத்திரிகர்களுக்கான சிற்றோவியங்களை எழுதியவர்களும் அவர்களே. அன்னக்கூடத் திருநாளில் சோற்றுமலையின் முன் நிற்கும் கோலம், சரத்காலப் பௌர்ணமியில் ராஸக் கோலம், கோபாஷ்டமியில் பசுக்கள் சூழ்ந்த கோலம் என்று திருநாளுக்கொரு படம் உண்டு. இப்படங்களை வீட்டை அழகு செய்யும் பொருள்களாக மட்டும் கருதலாகாது. புஷ்டி மார்க்கத்தில் சித்திர சேவை என்பது முறைப்படி அமைந்த வழிபாடு. கோஸ்வாமி ஏற்றுக் கொடுத்த படத்தை அடியவர் தம் இல்லத்தில் மூர்த்தியாகவே பாவித்து, ஆடை சாத்தி, அமுது படைத்துப் போற்றுவர். எனவே அப்படம் எத்தகைய தாளின்மேல் எழுதப்பெற்றது என்ற வினா, கலை ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. பூஜையறையில் விளக்கேற்றும் இல்லத்தரசிக்கும் உரியதே.

காகிதத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆலைக் காகிதம் வருமுன் நம் நாட்டில் காகிதம் கையாலேயே செய்யப்பெற்றது. அகமதாபாத், தௌலதாபாத், சியால்கோட், சாங்கானேர் முதலிய ஊர்கள் அதற்குப் பெயர் பெற்றவை. மேவார் நாட்டில் சித்தூர்க் கோட்டைக்கு அருகே கோசுண்டா என்னும் ஊர் இருந்தது. இத்தொழிலைச் செய்தவர்கள் காகஜி என்னும் முஸ்லிம் குடியினர். கந்தல் துணியையும் பழைய சணற் கயிற்றையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, காலால் மிதிக்கும் உலக்கையால் நாள்கணக்கில் இடித்துக் கூழாக்குவர். அக்கூழைத் தொட்டி நீரில் கலக்கி, புல்லால் முடைந்த தட்டியால் அள்ளியெடுத்து, நீர் வடிந்தபின் தாளைச் சுவரில் ஒட்டி உலர்த்துவர். பிறகு மாவுக் கஞ்சி பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். ஆகவே அக்காகிதமே ஒருமுறை பயன்பட்டு ஓய்ந்த பொருளின் மறுபிறப்பு. எந்த ஏழையின் கிழிந்த மேலாடையோ, எந்த வண்டிமாட்டின் தும்போ, அரசனின் ஆணை எழுதும் தாளாகி, அதற்கும் பின்னர் ஆண்டவனின் பீடமாயிற்று!

இவ்வாறு அரிதில் கிடைத்த தாளை எவரும் வீணாக்கவில்லை. ஓவியர்கள் தனித்தாளில் எழுதுவதினும், பல தாள்களைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அட்டையிலேயே பெரிதும் எழுதினர். இதற்கு வஸ்லி என்று பெயர். இணைத்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது புழு பூச்சி அணுகாதிருக்கும் பொருட்டு. ஒட்டிய அட்டையை உலர்த்திப் பின்புறமிருந்து அகேட் கல்லால் தேய்த்தால் முன்புறம் தந்தம் போல் வழவழக்கும். மேலே வரும் தாள்தான் மாசற்றதாக இருத்தல் வேண்டும். உள்ளே மறையும் தாள்கள் புதியனவாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பழைய நூற்கட்டு அட்டைகளைப் பிரித்தால் எழுதிய தாள்கள் அடுக்கடுக்காக வெளிப்படுவதை ஏடு காப்போர் நன்கு அறிவர். ஓவியச் சிறுவர்கள் கைபழகுவதும் பெரும்பாலும் பழந்தாளின் பின்புறத்திலேதான்.

வண்ணங்களும் அவ்வாறே மண்ணிலும் மரத்திலும் பிறந்தவை. சாதிலிங்கத்தில் சிவப்பு, அரிதாரத்தில் மஞ்சள், அவுரியில் நீலம், விளக்குப் புகையில் கருமை, பொன்னை அரைத்துப் பிசினில் குழைத்த பொற்சாந்து. இவற்றைக் கருவேலம்பிசினில் கூட்டி, அணில்வால் மயிரால் கட்டிய தூரிகையால் தீட்டுவர். இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பியூரி என்னும் ஒருவகை மஞ்சள் வண்ணம் பசுவின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பெற்றது. 1883-இல் திரைலோக்கியநாத முகர்ஜி என்பார் பீகார் மாநிலத்து மொங்கீருக்கு அருகே இதனை நேரில் கண்டு எழுதினார். அப்பசுக்களுக்கு மாவிலையே இரையாகத் தரப்பட்டதாகவும், அதனால் அவை மெலிந்து நலிந்ததாகவும் அவர் குறித்துள்ளார். ஆநிரை காத்த கோபாலனின் படங்களுக்கு மஞ்சள் தரும் பொருட்டு ஆக்களே வாடின என்றால், பக்தர் நெஞ்சு பொறுக்குமோ! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்வண்ணம் வழக்கொழிந்தது நன்றே.

ஏடும் ஓவியமும் கைகோத்து நின்றதற்கு மேவார் நாடே சிறந்த சான்று. மகாராணா ஜகத்சிங்கர் காலத்தில் தொடங்கி, 1649 முதல் 1653 வரை ஸ்ரீமத் ராமாயணம் ஏழு காண்டங்களும் நானூறுக்கு மேற்பட்ட ஓவியங்களுடன் எழுதி முடிக்கப்பெற்றன. அப்பெரும்பணியில் முதன்மையான ஓவியர் சாஹிப்தீன் என்னும் முஸ்லிம். சுலோகங்களை எழுதியவர் மகாத்மா ஹீரானந்தர் என்னும் சமணர். இருவரும் மனமொன்றி அமைத்தது இராமபிரானின் சரிதம். படத்திற்குரிய பக்கத்தையும் எழுத்திற்குரிய பக்கத்தையும் அவர்கள் ஒரே உடலின் இரு கண்களாகக் கருதினர் எனலாம். ஆயினும் அந்நூலுக்கு நேர்ந்த கதியைக் கேட்டால் வருத்தமே மிகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராணா பீம்சிங்கர் அதன் சில காண்டங்களை ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் டாடுக்கு அன்பளிப்பாக அளித்தார். அவை லண்டன் சேர்ந்தன. எஞ்சியவை இந்தியாவில் பல இடங்களில் பிரிந்து நின்றன. 2014-இல் லண்டன் பிரிட்டிஷ் நூலகமும் மும்பை அருங்காட்சியகமும் கூடி, நிழற்பட வடிவில் அக்காண்டங்களை ஓரிடத்தில் சேர்த்தன. தாளாகச் சேரவில்லை, நிழலாகச் சேர்ந்தன. தில்லி ஆக்ரா வட்டாரத்தில் 1520–30 அளவில் எழுதப்பெற்ற பழைய பாகவத ஏடு ஒன்றின் நிலை இன்னும் பரிதாபம். அது தாள் தாளாகப் பிரிந்து உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு தாளைக் காண்பவர் அடுத்த தாளில் கண்ணன் என்ன செய்தான் என்று அறியக் கடல் கடக்க வேண்டும்.

நாதத்துவாரத்திற்குத் திரும்புவோம். அங்கே ஓவியர் வாழ்வை முதலில் அசைத்தது அச்சு. 1894-இல் இரவிவர்மா மும்பையில் அச்சகம் நிறுவிய பின் தெய்வப் படங்கள் மலிவாகப் பெருகின. 1920-களில் கராச்சியில் தொடங்கிய பிரஜ்வாசி நிறுவனத்தார் நாதத்துவார ஓவியர்களின் கண்ணன் படங்களை ஜெர்மனியில் அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். குழலூதும் கண்ணன் கண்ணாடிச் சட்டத்துக்குள் இல்லந்தோறும் புகுந்தான். அதன் மூலத்தை எழுதிய கை நாதத்துவாரத்துக் கை என்பது வணங்கியவர் பலருக்குத் தெரியாது. ஓரணாவுக்கு அச்சுப்படம் கிடைக்கையில், கையால் எழுதிய படத்தைப் பல ரூபாய் கொடுத்து வாங்குவோர் குறைவதும் இயல்பே. கையெழுத்துப் படத்தைத் தேடுவோர்க்கு இனி அதில் வேறொரு சிறப்பு வேண்டியிருந்தது. பழமையே அச்சிறப்பாயிற்று.

பழந்தாளும் அக்காலத்தில் மலிவாகவே கிடைத்தது. 1949 மார்ச் 30-ஆம் நாள் சமஸ்தானங்கள் இணைந்து பெரிய இராஜஸ்தானம் உருவான பின்னர், அரசர்களின் முத்திரை பதித்த ஸ்டாம்புக் காகிதங்கள் செல்லாதனவாயின. சூரிய முத்திரையும் வாள் முத்திரையும் தாங்கிய அத்தாள்கள் கட்டுக்கட்டாகப் பழங்கடைக்கு வந்தன. வணிகர் வீடுகளிலிருந்து வந்தவை பஹி என்னும் கணக்கேடுகள். சிவப்புத் துணியில் உறையிட்டுக் கயிற்றால் கட்டிய நீண்ட பேரேடுகள் அவை; வட்டியும் அசலும், நெய்யும் தானியமும், பிறப்பும் திருமணமும் அவற்றில் வரிவரியாக எழுதப்பெற்றிருக்கும். கடன் தீர்ந்து, எழுதியவரும் மறைந்து, படிக்கவல்லாரும் அருகிவிட்ட பின் அவை மளிகைப் பொட்டலம் மடிக்கவே உதவின. நாதத்துவாரம், உதயப்பூர், ஜயப்பூர் ஆகிய ஊர்களின் ஓவியர்கள் அவற்றைப் பொட்டலக்காரரிடமிருந்து மீட்டனர்.

பழந்தாளில் எழுதுவது எளிதன்று. கந்தற் கூழினால் ஆனதால் தாளின் நார் உறுதியானது; நூறாண்டு கழிந்தும் மடிப்பில் முறியாது. ஆனால் அதன்மேல் உள்ள எழுத்து புகைக்கரியைப் பிசினில் குழைத்த மையால் ஆனது. ஈரம் பட்டால் அம்மை கரையும். கரைந்தால் பெருமானின் மஞ்சள் பட்டாடை அழுக்காகிவிடும். ஆதலின் ஓவியர் தூரிகையை ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வைத்து, உருவம் அமையும் இடத்தில் மட்டும் வெண்ணிறத்தை மெல்லப் பரப்பி, அது நன்கு காய்ந்த பின்னரே மேல்வண்ணம் இடுவார். திருமேனிக்குள் அகப்பட்ட எழுத்துகள் மறைந்துவிடும். புறத்தே நின்றவை அப்படியே நிற்கும். கரிய திருமேனியின் ஓரத்தில் ஒரு வரி பாதியில் அற்றுப்போய், உயர்த்திய கரத்தின் அப்பால் மீண்டும் தொடங்கும். கோவர்த்தனமலை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் கடன் தொகை நிற்கும். அதனையும் பெருமான் தாங்கிக்கொண்டிருப்பது போலவே தோன்றும். இது ஓவியர் எண்ணிச் செய்ததோ, தானே அமைந்ததோ, கண்டவர் கண்ணுக்கு இனிமையே.

சாஸ்திரம் அறிந்தோர் ஒருவர் கேட்கக் கூடும்: எச்சில் போன்ற பழைய தாளின்மேல் இறைவனை எழுதலாமோ? புஷ்டி மார்க்கத்தின் உட்பொருளை அறிந்தால் இவ்வையம் நீங்கும். அந்நெறியில் தீட்சை பெறுவோர் தம் உடலையும் மனத்தையும் தனத்தையும் கண்ணனுக்கே அர்ப்பணிக்கின்றனர். அர்ப்பணித்தபின் அவற்றை அவன் தந்த பிரசாதமாகவே நுகர்கின்றனர். அச்சம்பிரதாயத்தைப் போற்றி வளர்த்தவர்களும் பெரும்பாலும் வணிகப் பெருமக்களே. தனத்தின் வடிவம் யாது? கணக்கேடே அன்றோ! தீபாவளியன்று புதிய பேரேட்டை இலக்குமிக்கும் கணபதிக்கும் முன் வைத்துப் பூசித்த பின்னரே அவர்கள் முதல் வரவை எழுதுவர். பிள்ளையார் சுழியின்றி எழுதத் துணியாத நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தெய்வத்தை முதற்பக்கத்தில் கொண்டு தொடங்கிய ஏடு, தன் தொழில் முடிந்தபின் தெய்வத்தையே மேனி முழுதும் தாங்கி முடிவது பொருத்தமே. இதில் குற்றம் காண்பது அரிது.

குற்றம் வேறிடத்தில் உள்ளது. படங்களுக்கு வாங்குவோர் பெருகி, அயல்நாட்டு யாத்திரிகரும் விரும்பி வாங்கத் தொடங்கிய பின், பேரேடுகள் மட்டும் போதவில்லை. அழகிய எழுத்தும் சிவப்புக் கோடும் அமைந்த சுவடித்தாளுக்கு விலை மிகுதி. பேரேட்டின் அவசர எழுத்தினும் புராணச் சுவடியின் திருந்திய எழுத்து கண்ணைக் கவரும். அதனால் முழுச் சுவடியாகப் பிழைத்திருந்த நூல்களும் கத்திக்கு இரையாயின. நூறு தாள்களையுடைய ஒரு சுவடியை ஒருவருக்கு விற்பதினும், நூறு தாள்களில் நூறு படங்கள் எழுதி நூறு பேருக்கு விற்பது ஊதியம் மிக்கது என்பதை வணிகர் கண்டுகொண்டனர். எழுத்தை அறியாதவர் வெட்டினர். எழுத்தை அறியாதவரே வாங்கினர். ஜோதிடமோ, வைத்தியமோ, சமணர் போற்றும் சூத்திரமோ, பாரசீக எழுத்தில் அமைந்த திருநூலோ, எதுவென்று அறியாமலே அதன்மேல் கண்ணனையும் கணபதியையும் எழுதினால், ஒருவர் சமயத்தைப் போற்றப் புகுந்து மற்றொருவர் சமயத்தை மறைத்ததாகாதோ? சாஹிப்தீனும் ஹீரானந்தரும் ஒரு நூலைக் கூடி எழுதிய நாட்டிலே இது நேர்வதுதான் பெருங்கொடுமை.

மற்றொரு தீங்கும் உண்டு. பழந்தாளில் இன்று எழுதிய படத்தை, தாளின் வயதைக் காட்டி, இருநூறாண்டுப் படம் என்று சொல்லி விற்போரும் உளர். பழந்தாள் கிடைக்காதபோது புதுத்தாளைத் தேயிலை நீரில் தோய்த்துப் பழுப்பேற்றுவதும் நடக்கின்றது. தாளில் உள்ள எழுத்து தலைகீழாக நிற்பதையும் பாராமல் படம் எழுதியிருப்பதைக் கொண்டு, எழுதியவர் எழுத்தைப் படமாகவே பயன்படுத்தினார் என்று தெளியலாம். நேர்மையான ஓவியர் தாள் பழையது, படம் புதியது என்று தாமே சொல்லிவிடுவார். அவர் படத்திற்கு அதனால் பெருமை குறைவதில்லை.

அரசாங்கமும் இதற்கு அரண் அமைத்துள்ளது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் கலைச்செல்வச் சட்டம், ஏனைய பொருள்களுக்கு நூறாண்டு வயதைக் குறித்தபோதிலும், அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை ஆகிய மதிப்புடைய சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும் என்று வகுத்தது. தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதலும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. 2003-இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கப்பெற்று, வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த சுவடிகளைக் கணக்கெடுக்கும் பணி நடந்தது. ஆயினும் ஒரு சுவடி தாள் தாளாகப் பிரிந்து, ஒவ்வொரு தாளிலும் படம் ஏறிவிட்டால், அதனைச் சுவடியென்று கண்டறிவார் யார்? அதிகாரியின் கண்ணுக்கு அது படம். யாத்திரிகரின் பெட்டிக்குள் அது நினைவுப் பொருள். ஆகவே காவல் தொடங்க வேண்டிய இடம் பழங்கடைத் திண்ணையும் ஓவியர் பலகையுமே. எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு தாளைப் படித்துப் பார்ப்பதற்கு ஒரு நாழிகையும் செல்லாது. தீர்ந்த கணக்கு என்று தெரிந்தால் படம் ஏறட்டும். நூலின் பகுதி என்று தெரிந்தால் தாள் நூலகம் சேரட்டும்.

ஏட்டுக்கு நேர்ந்த இத்தகைய கதி தமிழ்நாட்டார்க்கும் புதியதன்று. பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதைப் புண்ணியமென்றே நம் முன்னோர் பலர் கருதினர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, அத்திருக்கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி செய்துவிட்டதாகச் சொல்லக் கேட்டு உள்ளம் வெதும்பினார்கள். அவ்வாறு செய்தவர்கள் தீயவர் அல்லர். சிதைந்த திருப்பொருளைக் காலால் மிதிபடவிடாமல் நீருக்கோ நெருப்புக்கோ அளிப்பதே விதியென்று நம்பிய ஆசாரசீலர்கள். அவர்களுடைய பக்தியில் குறையில்லை. ஏட்டைப் பிரித்துப் பார்க்காததே குறை. ஜயப்பூர்க் கடைக்காரர் ஊதியம் கருதிச் செய்வதையே அவர்கள் புண்ணியம் கருதிச் செய்தனர். ஏட்டுக்கு நேர்ந்தது ஒன்றே.

திருப்பணியில் ஈடுபட்டோர்க்கு இவ்விடர் நன்கு தெரிந்ததே. ஜீர்ணோத்தாரணம் என்று பழைய கோயிலைப் பிரிக்கும்போது, எழுத்துள்ள கற்கள் படிக்கட்டாகவும் கால்வாய்ப் பலகையாகவும் மாறிவிட்டதை எத்தனையோ ஊர்களில் காண்கிறோம். கல்லும் ஒருவகை ஏடே. பழங்கல் புதுக்கட்டடத்தில் சேர்வது தவறில்லை. அதில் உள்ள எழுத்து படிக்கப்படாமற் சேர்வதே தவறு. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமான செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் காவிரிக்கரைத் திருக்கோடிக்காவலில் இறைவன் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தார். பழைய கட்டடத்தில் பல்லவர் காலம் முதலாகப் பொறித்திருந்த கொடைச் சாசனங்கள் பல இருந்தன. விளக்கெரிக்கப் பொன் தந்தவர், நிலம் விட்டவர், ஆடு அளித்தவர் என்று அவற்றில் கண்ட பெயர்களுக்கு உரியோர் அப்போதே மறைந்து தலைமுறைகள் கழிந்துவிட்டன. அச்சாசனங்களைப் படி எடுக்கச் செய்து, இது பழங்கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்பையும் சேர்த்து, புதிய சுவரில் வெட்டுவித்த பின்னரே பழங்கற்களை விலக்கினார் அம்மாதேவியார். அவ்வெழுத்துகளைத் திருக்கோடிக்காவற் சுவரில் இன்றும் படிக்கலாம்.